இலத்தூர் வரை கேட்ட வண்டி

காப்பியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சைலன்சரை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான் செய்யுதிய?" என்றேன்.

பதில் இல்லை. ரம்பம் போடும் சத்தத்தில் என் குரல் அமுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தேன். அதற்குள் சைலன்சரின் பாதி கழன்று மண்ணில் விழுந்தது. உள்ளேயிருந்து தகடுகளும் கரியும் கொட்டின. இவர் அந்தத் தகடுகளை வேலிப் பக்கம் எறிந்துவிட்டு, லாரியிலிருந்து கழற்றிய குழாய்த் துண்டு ஒன்றை வண்டியில் பொருத்தி, கிளாம்பு போட்டு முறுக்கினார்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்த நேரம். தென்காசியிலும் காலையில் சாரல் விழும். குடை பிடித்துப் பிரயோஜனம் இல்லை, காற்று அதைப் பக்கவாட்டில் கொண்டுவந்து முகத்தில் அடிக்கும். அந்தச் சாரலில் நனைந்தபடியே எழுந்து நின்று கிக்கரை மிதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கார்ப்பரேட்டரின் பொத்தானை அமுக்கிப் பெட்ரோலைக் கொஞ்சம் வழியவிட்டு மறுபடி மிதித்தார்.

பிரசவம் பார்ப்பது என் உத்தியோகம். எந்தச் சத்தத்துக்கும் லேசில் அசையமாட்டேன். அன்றைக்கு அந்த வண்டி போட்ட சத்தத்தில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எதிர்வீட்டு சண்முகம் அண்ணாச்சி பலசரக்குக் கடைக்காரர். பாதி முகத்தில் சவரச் சோப்போடு தெருவுக்கு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் அவர் வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது.

"வே செல்லத்தொர, வண்டியா இது? கோயில் வேட்டுல்லா போடுதீரு" என்றார் அண்ணாச்சி.

இவர் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"எப்படிட்டி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. மொதல்ல எருமையப் பிடிச்சுக் கொடுங்க" என்றேன்.

மதுரையிலிருந்து வந்தது

இந்தத் தொடரை இடையில் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐம்பதுகளின் கடைசியில் நான் தென்காசியில் அரசாங்க நர்ஸ். குத்துக்கல்வலசை, இலத்தூர், குற்றாலத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ஊர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்க வேண்டும். பஸ் எப்போதாவது வரும். பிறக்கப்போகிற பிள்ளைக்குப் பஸ் நேரம் தெரியாது.

இவர் யுத்த காலத்தில் பட்டாளத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிற வேலை பார்த்தவர். திரும்பி வந்து, கிணற்றுக்கு வைக்கிற ஆயில் எஞ்சின்களைப் பழுது பார்த்தார். சுரண்டைப் பக்கம் கிணற்றுப் பாசனம் பண்ணுகிற சம்சாரிகள் எஞ்சின் இருமினால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். என்னைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதும் இவர்தான். அதற்காகவே பட்டாளத்து ஏலத்தில் விட்ட அந்த ஒற்றை சிலிண்டர் வண்டியை யாரிடமிருந்தோ வாங்கி வந்தார்.

வண்டியோடு வந்த கார்ப்பரேட்டர் தேய்ந்துபோய்க் கண்ட இடத்தில் காற்றை இழுத்தது. அதன் இஷ்டத்துக்கு ஓடும், அதன் இஷ்டத்துக்கு நிற்கும். ஒரு தடவை மதுரைக்குப் போனவர் பழைய இரும்புக் கடையில் வேறொரு கார்ப்பரேட்டரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது இதைவிடப் பெரிய எஞ்சினுக்குச் செய்தது. வாய் பெரிசு, பிடிக்கிற துளைகளும் பொருந்தவில்லை. பித்தளைத் தகட்டை அராவி அராவி ஒரு வளையம் செய்து நடுவில் வைத்து முடுக்கினார். வசதியான வீட்டுப் பெண்ணை இல்லாத வீட்டில் கட்டிக்கொடுத்த மாதிரிதான். பெட்ரோல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிளக்கைக் கழற்றி என்னிடம் நீட்டுவார். கரி பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு. புளியங்கொட்டை நிறத்தில் இருந்தால் சரி. பிறந்த பிள்ளையின் நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டது சொல்கிறவள் நான், எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

குழாயைத் திறந்துவிட்டதும் புது வம்பு வந்தது. புகை தடையில்லாமல் போனதால் எஞ்சின் கூடுதலாகக் காற்றை இழுத்தது. பெட்ரோல் போதவில்லை. ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் குழாயில் பட் பட்டென்று வெடித்தது. பெட்ரோல் போகிற ஜெட்டின் துவாரத்தைச் சன்னமாகப் பெரிசாக்கினார். அதற்குள் ஏறி இறங்குகிற ஊசியை ஒரு வெட்டு மேலே தூக்கிக் கொக்கி மாட்டினார். தென்காசியில் ஒழுங்காக ஓடிய வண்டி, குற்றாலத்துச் சாரலுக்குள் நுழைந்ததும் விக்கியது. அந்த ஈரக் குளிரில் கார்ப்பரேட்டர் தண்ணீர்ச் சொம்பு போல வியர்த்திருக்கும். அங்கே ஒரு திருகு, இங்கே ஒரு திருகு என்று சீசன் முழுவதும் இதே வேலைதான்.

திருகும்போது ஒரு உள்ளங்கையைக் குழாய் வாய்க்குப் பின்னால் வைத்துக்கொள்வார். என்னை வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்.

"சொல்லுட்டி. சீராப் போகுதா, நொண்டுதா?"

"நொண்டுது."

கால் திருகு திருப்புவார். "இப்போ?"

"இன்னும் கொஞ்சம்."

பட்டாளத்தில் வண்டி ஓட்டினவர் என்னிடம் கேட்கிறாரே என்று எனக்கு ஒரே பெருமை. கோயிலுக்கு வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன். பொட்டச்சி புருஷன் முதுகைப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறாளே என்று முணுமுணுத்தவர்கள் அவர்கள். இவர் என்னைக் கேட்டுத்தான் கார்ப்பரேட்டரையே திருகுவார் என்று சொன்னதும் வாயடைத்துப் போனார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அழுகை கேட்டதும்

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பிரசவ வீட்டுக்குள் நான் போனதும் இவர் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். பீடி கிடையாது, சீட்டு கிடையாது. பிள்ளையின் முதல் அழுகை கேட்டதும் எழுந்துபோய் வண்டியைக் கிளப்புவார்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கார்ப்பரேட்டர் குளிரில் உடனே எழும்பாது. பொத்தானை அமுக்கி, மிதித்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். நான் கொடியை அறுத்து, தாயைச் சுத்தப்படுத்தி, கைகழுவிப் பையைக் கட்டிக்கொண்டு வருவதற்குள் வண்டி தயாராக நிற்கும். உள்ளே இருக்கிற எனக்கும் அந்தச் சத்தம் தெம்பாக இருக்கும். வெளியே ஒரு ஆள் இருக்கிறார் என்று தோன்றும்.

அதற்குள் யாராவது தட்டில் சீனி கொண்டுவருவார்கள். பிள்ளை பிறந்தால் வந்தவர்களுக்கெல்லாம் சீனி கொடுப்பார்கள். இவர் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் கியரைப் போடுவார்.

ஏட்டையா வந்தார்

குழாய் மாற்றிக் கொஞ்ச நாளில் போலீஸ் ஏட்டையா எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல உயரம், பெரிய மீசை, பேச்சு மட்டும் மெதுவாக இருக்கும். சீசனுக்குக் குற்றாலத்தில் வந்து தங்கியிருந்த பெரிய மனிதர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். அருவியில் குளித்துவிட்டு வந்து கண்ணயர்ந்தால் இந்த வண்டி எழுப்பிவிடுகிறதாம்.

"சத்தம் எலத்தூர் வரைக்கும் கேக்குன்னு சொல்லுதாவ, நர்ஸம்மா. மைனர் வேல பாக்குத வயசா இவருக்கு? வார ஞாயித்துக் கெழமைக்குள்ள ஒழுங்கா ஒரு சைலன்சர் மாட்டச் சொல்லுங்க. இல்லன்னா வண்டிய ஸ்டேஷன்ல கொண்டாந்து நிறுத்திருவேன்."

இவர் எதிரே நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஏட்டையா போனதும், "என்ன சொல்லுதாரு?" என்று என்னைக் கேட்டார். விளையாட்டாகக் கேட்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இலத்தூர்

அந்த வாரமே இலத்தூரிலிருந்து ஆள் வந்தது. குளத்துப் பாசனத்தில் நெல் போடுகிற முத்தையா என்பவர் வீடு. அவர் மனைவிக்குக் காலையிலேயே வலி கண்டிருந்தது. பிற்பகலில் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, நல்ல நிறம். அழுத அழுகைக்குத் தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன பிள்ள?" என்று வெளியேயிருந்து ஒரு பெண் கேட்டாள். பெண்பிள்ளை என்றேன். அந்த வீட்டுக்கு அது நாலாவது பெண். தாய் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வாசலில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் போய்விட்டார். சீனித் தட்டு வரவில்லை.

எனக்கு அது புதிதில்லை. எத்தனையோ வீடுகளில் பார்த்தாயிற்று. பிள்ளையைத் துடைத்துத் தாயின் பக்கத்தில் கிடத்தினேன். அப்போதுதான் உறைத்தது, வெளியே வண்டிச் சத்தம் இல்லை.

பையை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தேன். இவர் பூவரச மரத்தடியில் ஒரு கல்லில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான்" என்றேன்.

திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்ச் சத்தமாகவே கூப்பிட்டேன். வாசலில் இருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இவர் அசையவில்லை. நான் அவருக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் திடுக்கிட்டு எழுந்தார். என் முகத்தைப் பார்த்தார், அந்தப் பெண்களின் முகங்களைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய் வண்டியை மிதித்தார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ரம்பத்துக்கு நடுவே கேட்காத என் கேள்வி. குழாய் வாயில் வைக்கிற உள்ளங்கை. ஆயில் எஞ்சினைச் சோதிக்கும்போது திருப்புளியின் மரக்கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதன் நுனியை எஞ்சினில் ஊன்றி நிற்பார். அதை ஏதோ பட்டாளத்து வித்தை என்று நானும் சம்சாரிகளும் வேடிக்கை பார்த்திருக்கிறோம். எலும்பு வழியாக அதிர்வு போகும் என்று நர்ஸ் படிப்பில் எனக்குச் சொல்லித்தந்திருந்தார்கள்.

இந்த வண்டியை அவர் தெருவே அதிரும்படி அலறவிட்டது மைனர் வேலைக்கு இல்லை. அதற்குக் குறைந்த எந்தச் சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை.

அன்று ராத்திரி சோற்றில் கை வைக்கவில்லை. தனக்குக் காது போனது எனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டு வாடுகிறார் என்று நினைத்தேன். நானாகப் பேச்சை எடுத்தால் உடைந்துவிடுவாரோ என்று பயந்தேன். அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இலத்தூரில் அந்தப் பிள்ளையைப் பிற்பாடு போய்ப் பார்க்கிற வேலை அந்த ஊர் ஆயாவுடையது. அதனால் அந்தப் பக்கம் நாங்கள் போகவும் இல்லை.

வாயடைத்த வண்டி

ஏட்டையா சொன்ன கெடுவுக்குள் சைலன்சர் மாட்டினார். முறையான சைலன்சர், உள்ளே தகடு வைத்தது. வண்டி சாதுவாகிவிட்டது. சண்முகம் அண்ணாச்சி எருமையை மறுபடி வாசலில் கட்டினார்.

இவருக்குத்தான் வண்டி ஓட்டவே தெரியாமல் போய்விட்டது. எஞ்சின் கதறும்போதும் முதல் கியரிலேயே போவார். நின்றுபோன வண்டியை ஓடுவதாக நினைத்துக் கியர் போடுவார். வீட்டுக்கு வந்து கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பழைய வேட்டித் துணியில் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவார். ஊசியை இறக்குவார், ஏற்றுவார், ஜெட்டை ஊதிப் பார்ப்பார்.

"கார்ப்பரேட்டர்தாம்ட்டி சரியில்ல" என்பார் என் முகத்தைப் பார்க்காமல்.

கார்ப்பரேட்டரில் ஒன்றும் இல்லை. நான் பிளக்கைப் பார்த்தேன், அழகான புளியங்கொட்டை நிறம்.

ஒரு நாள் குற்றாலம் ரோட்டில் பின்னால் பஸ் வந்தது. ஹாரன் அடித்தார்கள், அடித்துக்கொண்டே இருந்தார்கள். இவர் நடு ரோட்டை விட்டு விலகவில்லை. நான் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். வண்டி சரிந்து ஓரத்தில் இறங்க, பஸ் உரசாத குறையாகப் போனது. என் பை வயலில் போய் விழுந்தது. கத்தரிக்கோலும் பஞ்சும் சேற்றில் கிடந்தன. பஸ்ஸிலிருந்து யாரோ திட்டிக்கொண்டே போனது எனக்குக் கேட்டது. இவர் சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் துடைத்துக் கொடுத்தார்.

என்ன செய்வது? விஷயத்தைச் சொன்னால் ஏட்டையா இரங்குவார், ஆனால் அப்புறம் லைசென்ஸ் இருக்காது. ஊருக்குத் தெரிந்தால் காது போன மெக்கானிக்கிடம் யார் எஞ்சினைக் காட்டுவார்கள்? வண்டியும் போய், வேலையும் போய், இந்த மனிதர் வீட்டுக்குள் என்ன செய்வார்? சொல்லாவிட்டால் ஒரு நாள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு அடியில் போவோம். எனக்கு இவர் வேண்டும். இவருக்கு அந்த வண்டி வேண்டும்.

விசில்

மறுநாள் நான் பஸ்ஸில் குற்றாலம் போனேன். ரோடெல்லாம் ஈரத்துண்டும் எண்ணெய் வாசனையும். பழக்கடைகளுக்குப் பக்கத்தில் ஏட்டையா நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். போகிற வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

"ஏட்டையா, அந்தப் பழைய குழாய மாட்டிக்கிட உத்தரவு வேணும். அது எனக்காகப் போட்டது. ஊருக்கு வெளியவே சத்தம் கேட்டாத்தான் பிரசவ வீட்ல வெந்நி போட்டு வைப்பாவ. சத்தம் இல்லாமப் போனா நான் போய் வெறும் பானையப் பாக்கணும்."

ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நர்ஸம்மா, ஒங்க வீட்டுக்காரர நான் எத்தன மட்டம் விசிலடிச்சு நிறுத்தப் பாத்திருக்கேன் தெரியுமா? திரும்பிப் பாக்காமப் போவாரு. சரியான வீம்பு பிடிச்ச ஆளுன்னு நெனச்சேன். ஒரு நாள் நேரா முன்னால போயி நின்னு கையக் காட்டுனேன். டக்குன்னு நிறுத்தி, எறங்கி, கும்பிடுதாரு. வீம்பு பிடிச்சவன் கும்பிட மாட்டான்லா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குரலைத் தணித்தார்.

"எப்பலேர்ந்து?"

"தெரியல. யுத்தத்துல ஏதோ வெடி பக்கத்துல வெடிச்சுதாம். அப்பத் தொட்டே கொஞ்சங் கொஞ்சமாப் போயிருக்கும்போல."

ஏட்டையா நடு ரோட்டில் நின்றவர்களை ஓரத்துக்குக் கைகாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க வெந்நிக் கதயே சொன்னதா இருக்கட்டும். குத்தாலத்துக்குள்ள மட்டும் சத்தம் வேண்டாம், குழாய்ல எதையாவது சொருகிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. நீங்க பின்னால இல்லாம அவரு வண்டிய எடுக்கக் கூடாது. எடுத்தா நான் மனுசனா இருக்க மாட்டேன், ஏட்டாத்தான் இருப்பேன். சொல்லிருங்க."

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவர் எதிரேயே ஒரு பழத்தைப் பேரம் பேசி வாங்கினேன்.

என் பொய்யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் குத்துக்கல்வலசையில் ஒரு வீட்டில், "இடையில கொஞ்ச நாள் வண்டி சத்தமே இல்லயே நர்ஸம்மா, நாங்க அத வச்சுல்லா அடுப்புப் பத்த வைப்போம்" என்றாள் ஒரு பெண். நான் கற்பனை செய்ததை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

கேட்டதும் கேட்காததும்

வீட்டுக்கு வந்தேன். இவர் வழக்கம்போல் கார்ப்பரேட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். பழைய குழாயை மாட்டலாம் என்றும், நான் பின்னால் இருந்தால்தான் ஓட்டலாம் என்றும், பஸ் வந்தால் இடது தோளில் தட்டுவேன், நிறுத்த வேண்டுமானால் இரண்டு தோளையும் பிடிப்பேன் என்றும் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ஊசியைத் துணியில் வைத்தார்.

"எப்போ தெரிஞ்சுது ஒனக்கு?"

"எலத்தூர்ல. பின்னால நின்னு கூப்பிட்டேன், நீங்க திரும்பல."

"அங்கயா?" என்றார். "அன்னைக்கு நான் அதையெல்லாம் நெனைக்கவே இல்லட்டி. அந்தப் பிள்ள செத்துப்போச்சேங்குத நெனப்புலதான் வந்தேன்."

எனக்கு விளங்கவில்லை. "எந்தப் பிள்ள?"

"அங்கன பெறந்த பிள்ளதான். எவ்வளவு நேரம் காத்துக் கெடந்தேன். அழுகை எனக்கு எங்க கேக்கு, இப்பல்லாம் வாசல்ல நிக்குதவிய மொகத்தப் பாத்துத்தான் பிள்ள பெறந்ததத் தெரிஞ்சுக்கிடுவேன். நீ வார, மொகம் செத்துக் கெடக்கு. வாசல்ல இருந்த பொம்பளைய அத்தன பேரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்காவ. தகப்பன் துண்ட உதறிட்டுப் போறான். ஒருத்தரும் சீனி தரல. நீயும் ஒண்ணும் சொல்லல. ஒன்கிட்டக் கேட்டா நீ அழுதுருவியோன்னு நானும் கேக்கல."

இத்தனை வாரமாக அந்தத் துக்கத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த ராத்திரி சாப்பிடாமல் படுத்தது அதற்கு.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சாகல அத்தான். அது நல்லா இருக்கு. பொட்டப்பிள்ள. நாலாவதுங்குறதால அவங்க மொகத்த அப்படி வச்சிருந்தாவ."

"அழுதுச்சா?"

"தெருவுல போனவங்க நின்னு பாத்தாங்க. அப்படி அழுதுச்சு."

எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கரி. அப்புறம் எழுந்துபோய் லாரிக் குழாயைத் தேடி எடுத்தார்.

மறுநாள் காலையில், எங்கே போகிறோம் என்று சொல்லாமல் என்னை ஏறச் சொன்னார். சண்முகம் அண்ணாச்சி கடையில் நிறுத்தி ஒரு பெரிய பொட்டலம் சீனி வாங்கி என் மடியில் வைத்தார். இலத்தூர் குளத்தங்கரையில் திரும்பும்போதே ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு வராமல் என்ன செய்வார்கள்.

முத்தையா வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். பிள்ளையை வெளியே கொண்டுவரச் சொன்னேன். இவர் அதைக் கையில் வாங்கவில்லை, குனிந்து நன்றாகப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, கூடியிருந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிடி சீனி வைத்தார். பெண்களுக்கு, சிறுபிள்ளைகளுக்கு, வழியோடு போனவருக்கு. கடைசியாக முத்தையாவின் கையைப் பிடித்து விரித்து அதிலும் வைத்து, "நல்லாருக்கா ஒங்க மவ" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

முத்தையா சீனியைப் பார்த்தபடியே, "நாலாவது பொட்டைக்கு எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம், சனியன்" என்று முனகினார்.

இவர் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். இனி அவருக்கு எல்லாவற்றையும் கேட்டுச் சொல்ல வேண்டியவள் நான்தான்.

"ரொம்ப சந்தோஷம்னு சொல்லுதாரு" என்றேன்.